வளர்ச்சிக் கணக்கு

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சிமெண்ட் ஆலை முதலாளியின் விரல்கள் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்திருந்தன. மனிதர் எந்த நிமிடமும் எழுந்து போய்விடுவார் என்று, பக்கத்திலிருந்த பொருளாதாரத் துறைத்தலைவர் பயந்துகொண்டிருந்தார்.

கல்லூரிக் கருத்தரங்கு மேடையில் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி கட்டுரை வாசித்துக்கொண்டிருந்தாள். மாணவர்களின் பெயரை நினைவில் வைத்துக்கொள்வது தன் தகுதிக்குக் குறைவு என்பது துறைத்தலைவரின் எண்ணம். வகுப்பில் ஓயாமல் கேள்வி கேட்பதால் இவளுக்கு அவர் வைத்திருந்த பெயர் கேள்விக்குறி.

"ஆலை சிமெண்ட் வித்தா அது வளர்ச்சி. அந்தத் தூசியில நெஞ்சு கெட்டு நாலு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனா, அந்தச் செலவும் வளர்ச்சியிலதான் சேரும். கிணறு வத்திப்போய் லாரித் தண்ணி வாங்கினா இன்னும் வளர்ச்சி. ஆக, நம்ம கணக்குல யாருக்குமே நஷ்டம் கிடையாது."

அரங்கம் சிரித்தது.

"ஆலை வாசல்ல பத்து மரக்கன்னு நட்டு போட்டோ எடுத்துக்கிட்டா, அதுக்குப் பேர் நிலைத்த வளர்ச்சி. கன்னு பட்டுப்போனாலும் போட்டோ பட்டுப்போகாது."

இந்தமுறை சிரிப்பு பின்வரிசையிலிருந்து முன்வரிசை வரை வந்தது. துறைத்தலைவர் திரும்பி முறைத்தார். கழுதைகள். சோறு போடுகிற கையைக் கடிக்கிற ஒருத்தி. அதற்குக் கை தட்ட ஒரு கூட்டம்.

அவருடைய வேதனை அவருக்குத்தான் தெரியும். நிலைத்த வளர்ச்சிக்கென்று ஒரு ஆய்வு மையம், அதற்கு முதலாளி கட்டித்தரப்போகும் கட்டடம், அதில் இயக்குநருக்கென்று தனி அறை. மனத்துக்குள் அந்த அறைக்குத் திரைச்சீலைகூட மாட்டி முடித்திருந்தார். வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழியை உடைக்க இவள் வந்து நிற்கிறாள்.

'தொழிலும் வட்டார வளர்ச்சியும்' என்ற தலைப்பு சாதுவாக இருக்கவே அனுமதித்துவிட்டார். உள்ளே ஒரு வரி படிக்கவில்லை. மாணவர்கள் எழுதுவதையெல்லாம் படிக்கவா அவர் இவ்வளவு படித்தார்?

கேள்விக்குறி விடுவதாக இல்லை. "தூசியெல்லாம் இல்லைன்னு ஆலை சொல்லுது. ஆனா முதலாளி வீட்டு ஜன்னலை வருஷம் முழுக்கத் திறக்கறதில்ல. திறந்தா, துடைச்ச மேசையில மறுபடியும் விரலால கோலம் போடலாம். தூசி எவ்வளவுன்னு ஊர்க்காரங்களைவிட அவருக்குத்தான் நல்லாத் தெரியும்."

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். துறைத்தலைவர் பாய்ந்து மேசை மணியை அடித்தார். அவள் தாள்களை அடுக்கிக்கொண்டு, முன்வரிசைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போனாள். கைதட்டல் அடங்குவதற்குள் முதலாளியைத் தன் அறைக்குத் தள்ளாத குறையாக அழைத்துப் போனார் துறைத்தலைவர்.

"மன்னிச்சுடுங்க சார். அந்தப் பொண்ணு ஒரு மாதிரி. நாலு புத்தகத்தைப் புரட்டிட்டா உலகத்தையே திருத்திடலாம்னு நினைப்பு."

எதிரே வைத்த பழச்சாற்றை முதலாளி தொடவில்லை. "பேசினதுல தப்பு ஏதாவது இருக்கா?"

"சார்?"

"நான் இந்தப் படிப்பெல்லாம் படிக்கல. நீங்க படிச்சவரு. சொன்ன கணக்கு சரியான்னு கேக்கறேன்."

துறைத்தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கணக்கு சரிதான் சார். பாடத்துல இருக்கிறதுதான், நானே நடத்தினதுதான். ஆனா அதெல்லாம் பரீட்சையில எழுதறதுக்கு சார். ஆளை எதிர்ல வச்சுக்கிட்டுப் பேசறதுக்கா?"

முதலாளி பழச்சாற்றை ஓரமாகத் தள்ளி வைத்தார். அது துறைத்தலைவருக்குக் கோபமாகத்தான் தெரிந்தது. எரிகிற நெருப்பில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் நல்லது என்று பட்டது.

"அவளை நான் சும்மா விடப்போறதில்ல சார். இந்தக் கட்டுரைக்கு ஒரு மார்க்குகூடக் கிடையாது. இந்த வருஷம் எப்படிப் பட்டம் வாங்கறான்னு பாக்கறேன்."

"எனக்காகவா?"

"பின்னே? உங்களை மாதிரிப் பெரியவங்களை இப்படி அவமானப்படுத்தினா விட்டுட முடியுமா?"

முதலாளி கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். கோபத்தில் வியர்த்திருக்கிறது என்று நினைத்த துறைத்தலைவர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாம் திமிர் சார். யார் எவர்னு பாக்கற புத்தி கிடையாது. ஒரு மட்டு மரியாதை கிடையாது. அவளைச் சொல்லிக் குத்தமில்ல. வளர்த்தவங்களைச் சொல்லணும்."

முதலாளி முதல்முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"சொல்லுங்க. வளர்த்தது நான்தான்."