பாத்ரூமில் ஒருத்தன்

“சின்னவன மொதல்ல கொண்டு போயி பாத்ரூம்ல அடைடா. அவங்க கெளம்பற வரைக்கும் மூச்சு காட்டக் கூடாது அவன்.”

சாந்தம்மா புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டே மகனை விரட்டினாள். பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். குருபரப்பள்ளியில் டீ குடித்துவிட்டுக் கிளம்பியாயிற்று என்று போன் வந்துவிட்டது.

“பாவம்மா அவன்,” என்றான் ஹரீஷ்குமார். முப்பத்துநாலு வயசு, ஓசூர் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் இன்சார்ஜ், இருநூறு பேரை மேய்க்கிறவன். அம்மா முறைத்த முறைப்பில், வாயை மூடிக்கொண்டு வலையை எடுத்து ஹாலில் இருந்த மீன் தொட்டிக்குள் விட்டான்.

சின்னவன் லேசில் சிக்குகிற ஆளா? தேங்காய் மூடியைக் கவிழ்த்து வைத்த மாதிரி நெற்றி, உடம்பெல்லாம் சிவப்பு. ‘வாஸ்து மீன்டா, வாங்கி வை, மூணே மாசத்துல கல்யாணம்’ என்று கூட வேலை பார்க்கிறவன் ஏற்றிவிட்டு வாங்கியது. எட்டு மாசம் ஆயிற்று, கல்யாணம்தான் நடந்தபாடில்லை. அவனோடு விட்ட எந்தத் தங்கமீனும் ஒரு வாரம் தாண்டியதில்லை.

அதுகூடப் பரவாயில்லை. போன ஆவணியில் சூளகிரியிலிருந்து வந்தவர்கள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு தங்கமீனைத் துரத்தித் துரத்திக் குதறிவிட்டான். “புதுசா வர்ற உசிர இந்த வீட்ல இப்படித்தான் நடத்துவாங்களோ?” என்று பெண்ணின் அத்தை கேட்டுவிட்டுப் போனவள்தான், அப்புறம் அந்தப் பக்கமிருந்து போனே இல்லை. இந்த இடமும் தட்டிப்போனால் மகனுக்கு இனி யார் பெண் கொடுப்பார்கள்?

அதுவும் எப்பேர்ப்பட்ட இடம். நாகரசம்பட்டிப் பெண், மேகலா. தை மாசம் பெண் பார்க்கப் போனபோது அவர்கள் மாந்தோப்பு பூத்துக் குலுங்கியது. பெண்ணின் அப்பா மாங்காய் மண்டிக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அம்மா நாகம்மாவும் தாய்மாமன் முனிவேலும்தான் முன்னே நின்று பேசினார்கள். ஒரு வார்த்தை அதிகமில்லை, அவ்வளவு தன்மை.

பக்கெட்டில் சின்னவன், மேலே தாம்பாளம், அதற்கு மேல் ஒரு செங்கல். காலையில் வாங்கி வந்த ஆறு புதுத் தங்கமீன்களைத் தொட்டியில் விட்டு நிமிர்வதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

நாகம்மாவும் முனிவேலும் மட்டும் இறங்கினார்கள். அப்பாவுக்கு இன்றைக்கும் மண்டியில் வேலையாம்.

முனிவேல் நேராகத் தொட்டியிடம் போய்க் குனிந்தார். “ஒண்ணுக்கொண்ணு சண்ட கிண்ட போடாதுங்களா?”

“சண்டையா? எங்க வீட்ல அந்தப் பேச்சுக்கே எடமில்லீங்க,” என்றாள் சாந்தம்மா.

டொப்பென்று பாத்ரூமிலிருந்து ஒரு சத்தம். ஹரீஷ் தரையைப் பார்த்தான்.

“அது பைப்புல காத்து அடைக்குதுங்க. தண்ணி வர்ற நேரம்,” என்று சமாளித்தாள். காபி டம்ளரை நீட்டினாள். காது முழுக்க பாத்ரூம் பக்கமே இருந்தது.

மறுபடியும் டொப். நாகம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். “ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க, ரொம்ப நேரம் கார்ல வந்தது. பாத்ரூம் எங்கங்க?”

தண்ணி வரவில்லை என்று சொல்லலாமென்றால், வருகிறது என்று இப்போதுதானே சொன்னாள். பக்கத்து வீட்டுக்கு அனுப்பலாமென்றால் அங்கே பூட்டு. சாந்தம்மா யோசித்து முடிப்பதற்குள் நாகம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள்.

தாம்பாளம் விழுந்து உருளுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. முனிவேல் மாடு விலை, மழை என்று ஏதேதோ பேசினார், ஹரீஷ் தப்புத் தப்பாகத் தலையாட்டினான்.

கதவு ஒரு சாண் திறந்தது. “நீங்க மட்டும் கொஞ்சம் இப்படி வாங்க,” என்றாள் நாகம்மா.

சாந்தம்மா போனாள். நாகம்மாவின் புடவை இடுப்பு வரைக்கும் நனைந்திருந்தது. பக்கெட்டுக்குள்ளிருந்து சின்னவன் இரண்டு பேரையும் முறைத்துக்கொண்டிருந்தான்.

“எதுக்குங்க இத இங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?”

இனி எந்தப் பொய்யைச் சொல்ல? சாந்தம்மாவுக்கு அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

“கூட இருக்கற எதையும் நிம்மதியா இருக்க விடாதுங்க. பாக்கறவங்க எங்களையே தப்பா நெனைக்கறாங்க. அதுக்காகத் தூக்கிப் போடவும் மனசு வரல, எங்க கையால தின்னு வளந்துருச்சு. எம் மகன் தங்கமான பையங்க. இத வெச்சு அவன எடை போட்றாதீங்க.”

நாகம்மா பக்கெட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். போச்சு, இந்த இடமும் போச்சு என்று சாந்தம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

நாகம்மா கதவை உள்பக்கம் தாழ் போட்டாள். சாந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஹாலுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

“நீங்க பொண்ணு பாக்க வந்தன்னைக்கு, எங்க வீட்டுக்காரர நான் மாடி ரூம்ல போட்டுப் பூட்டியிருந்தேன் அண்ணி.”