பினாங்கில் ஓடிய கேமரா

அவள் வசுமதியின் தோளைத் தட்டி, முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"தலை வலிக்குது. கிளம்பலாமா?"

"சும்மா இரு அக்கா. இப்பத்தானே படத்துல நீ வர்றே!" என்றாள் வசுமதி. அந்தச் சின்ன பிரிவியூ தியேட்டரே அதிர்ந்தது. நாலு வயதில் இரண்டு காதும் போனவளுக்குத் தன் குரலின் அளவு எப்படித் தெரியும்?

அவளோ செருப்பைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள். உட்காரவே முடியவில்லை.

திரையில் பினாங்குக் கடற்கரை. அதில் அவள், இருபத்திரண்டு வயதில்.

பெரிய டைரக்டர் வேதாசலத்தின் பாதியில் நின்ற படம். தொலைந்தே போச்சு என்று நாற்பத்தாறு வருஷம் நிம்மதியாக இருந்தாள். பழைய படங்களைத் தேடி அலையும் இந்த நிரஞ்சன், அந்த ஊரில் மூடிப்போன ஒரு சினிமாக் கொட்டகையிலிருந்து பிலிம் பெட்டிகளைத் தோண்டி எடுத்துவிட்டான். கதாநாயகி ஓடிப்போனதால் நின்ற படம் என்று பத்திரிகையிலும் எழுதிவிட்டான்.

எழுதட்டும். புதுசா என்ன? ஊரே அதைத்தான் சொல்கிறது.

நல்லவேளை, படத்தில் குரல் இல்லை. வசனத்தையெல்லாம் சென்னைக்கு வந்து டப்பிங்கில் சேர்ப்பதுதான் அப்போது வழக்கம்.

அடுத்த ஷாட் வந்தது.

அவள் முகம் மட்டும். கலைந்த கொண்டை. தாரை தாரையாகக் கண்ணீர்.



இது ஷாட்டே இல்லை. கட் சொன்ன பிறகு நடந்தது. தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு டைரக்டரிடம் அவள் கெஞ்சியது. வெளிநாட்டுப் படப்பிடிப்பில் எல்லார் பாஸ்போர்ட்டும் மானேஜரின் பெட்டிக்குள்தான் இருக்கும். டைரக்டர் கண்ணசைத்தால்தான் பெட்டி திறக்கும்.

அழுகை நன்றாக வருகிறதென்று கேமராவை ஓடவிட்டிருக்கிறார். பாவி மனுஷன்!

"மேடம், இங்க என்ன டயலாக்? ஞாபகம் இருக்கா?" நிரஞ்சன் நோட்டும் பேனாவுமாகத் திரும்பினான்.

"மறந்துபோச்சுப்பா. அடுத்ததப் போடு."

வசுமதி குறுக்கே கையை நீட்டினாள். "என்னைக் கேளுங்க தம்பி. மத்தவங்க பேசறது பாதிதான் புரியும். அக்கா வாய் எனக்கு அத்துப்படி. முதல்லேர்ந்து போடுங்க."

தடுக்க வேண்டும். எழுந்துபோய்த் திரையை மறைக்கலாம். வயரைப் பிடுங்கலாம். அதற்குள் நிரஞ்சன் ஷாட்டை முதலுக்குக் கொண்டுபோய்விட்டான்.

கதாநாயகிக்குக் குழந்தை இருப்பது தெரிந்தால் அதோடு மார்க்கெட் போச்சு. அதனால் பெற்றதைத் தங்கை என்று சொல்லி வளர்த்தாள். நாலு படம் ஓடட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள். மார்க்கெட்டும் ஒருநாள் போனது. அதற்குள் வசுமதிக்குப் பதினைந்து வயது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

ஷாட் மறுபடி ஓடியது.

"'சார், பாஸ்போர்ட்டக் குடுங்க.'" வசுமதி உரக்கப் படித்துவிட்டுச் சிரித்தாள். "இதென்னக்கா வசனம்?"

"'வசுவுக்கு மூளைக்காய்ச்சலாம். தந்தி வந்திருக்கு.'"

சிரிப்பு நின்றது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே வசுமதி அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காகத்தான் ஓடி வந்தியா? இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொன்னியாக்கா நீ?"

நிரஞ்சன் எழுதிக்கொண்டே இருந்தான்.

"'தங்கச்சி இல்ல சார்'" என்று படித்தாள் வசுமதி. "'நான் பெத்த பொண்ணு.'"

பேனா நின்றது.

படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வெறும் கடல், யாரோ குடை பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

பிடித்த கையை விடாமல் வசுமதி திரும்பினாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அந்த வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.