ஐந்தாவது பாட்டு

முதல் பாட்டிலேயே ஹெட்போனைக் கழற்றிவிடப் பார்த்தார்.

யாரோ காதுக்குள் தகர ஷட்டரை இழுத்துச் சாத்தியதுபோல ஒரு சத்தம். அதன்மேல் கிதார். அதற்கும் மேலே ட்ரம்ஸ்.

எதிரில் மனைவி செலின் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கழற்றினால் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்த சட்டையைக்கூட மாற்றவில்லை. மாதா கோயிலில் பாடகர் குழுவைப் பழக்குகிறவர் அவர். தஸ்நேவிஸ் மாஸ்டர் என்றால் தூத்துக்குடியில் தெரியும். எவர் தொண்டையில் சுதி நூலளவு விலகினாலும் அவர் புருவம் ஏறிவிடும்.

மகள் டெல்சி பாடும்போது மட்டும் அந்தப் புருவத்துக்கு வேலை இருந்ததில்லை.

அந்த டெல்சிதான் கல்லூரி வேலையை உதறிவிட்டு, பெங்களூரில் ஒரு கார் ஷெட்டுக்குள் வேறு மூன்று பேரோடு கிதாரைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அன்றோடு அவளிடம் பேச்சை விட்டார். இரண்டு வருடம்.

இப்போது அந்த நால்வரின் ஆல்பம் வந்திருக்கிறது. 'கடல் குடித்த ரேடியோ' என்று பெயராம். கேட்டுவிட்டுத் திட்டுங்கள் என்று செலின்தான் காதில் மாட்டிவிட்டாள்.

இரண்டாவது பாட்டு சாவு மேளத்தில் தொடங்கி, லத்தீன் கீதம் மாதிரி முடிந்தது. மூன்றாவதில் சொல்லே இல்லை. கிதார் தண்ணீருக்கடியிலிருந்து வந்தது. நான்காவது வெறும் கூச்சலும் சிரிப்பும். ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஆனாலும் அவர் கழற்றவில்லை.

ஐந்தாவதில் டெல்சி பாடினாள்.

அவர் பழக்கிய மூச்சு. நேராக, சுத்தமாக வந்தது.

பிறகு விலகியது.

தவறிப்போய் அல்ல. தெரிந்தே விலகினாள். கொஞ்சம் இறங்கினாள். இன்னும் இறங்கினாள். எந்தச் சுரத்துக்கும் சொந்தமில்லாத ஓர் இடத்துக்குப் போனாள். ஆர்கனில் அதற்குக் கட்டை கிடையாது. இரண்டு கட்டைகளுக்கு நடுவே இருக்கிற இருட்டு அது.

அங்கே இத்தனை இடம் இருக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

விழுந்துவிடுவாள் என்று நாற்காலியின் கையைப் பிடித்தார்.

விழவில்லை. அந்த இருட்டுக்குள்ளேயே குரல் நீந்தியது. பெரிதானது. கைமயிரெல்லாம் சிலிர்த்து நின்றது அவருக்கு. பீடத்தின் முன்னால் நிற்கும்போது முன்பெல்லாம் அப்படி ஆகும். ஆகி வெகுகாலம்.

அப்புறம் பார்த்தால், சுதிக்குள் இருந்தாள்.

மறுபடி கேட்டார். மறுபடியும். திரும்புகிற இடம் மட்டும் பிடிபடவேயில்லை.

ஹெட்போனைக் கழற்றினார். அவளுக்குப் போன் போடு என்றார். செலின் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். ஒன்றும் கேட்காமல் எண்ணை அழுத்திக் கொடுத்தாள்.

நலம் விசாரிக்க அவருக்குத் தோன்றவில்லை.

"அஞ்சாவது பாட்டுல அவ்வளவு தூரம் போயிட்டு, எப்படிட்டி திரும்பி வந்த?"



"வழியெல்லாம் தெரியாதுப்பா. மத்த மூணு பேரும் வாசிக்கிறத நிப்பாட்டல. அந்தச் சத்தத்தப் புடிச்சிட்டே வந்துட்டேன்."

செலின் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பேசத் தொடங்கினார்.

காலையில் கோயிலில் மைக் இரைந்ததை. இன்றைக்குச் சீலா மீன் மலிவாகக் கிடைத்ததை. எதிர்வீட்டு நாய் மாடிப்படிக்குக் கீழே குட்டி போட்டதை.

அவள் பக்கமிருந்து சத்தமே இல்லை.

இங்கே மழை வரும்போலிருக்கிறது என்றார். குட்டிகளில் ஒன்றுக்கு ஒரு காது மட்டும் கறுப்பு என்றார். சொல்ல ஒன்றும் மிச்சமில்லாதபோது ஜன்னலுக்கு வெளியே தெரிந்ததையெல்லாம் சொன்னார்.

நிறுத்தவில்லை.