சுதேசிக் கண்

தீனதயாளனின் கம்பெனியில் ஆராய்ச்சிப் பிரிவு என்று ஓர் அறை உண்டு. அதில் ஒரு ஹேர் டிரையர், ஒரு பிளேடு, மாரிச்செல்வம். அவ்வளவுதான்.

சீனாவிலிருந்து அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கும் கேமராக்களின் ‘மேட் இன் சைனா’ ஸ்டிக்கரைச் சூடுகாட்டி, பிளேடால் உரித்து, அந்த இடத்தில் ‘சுதேசிக் கண், திருப்பூர்’ என்று ஒட்டுவதுதான் ஆராய்ச்சி. பின்னல் துணியில் ஓட்டை விழுந்தால் கண்டுபிடித்து மெஷினை நிறுத்தும் கேமரா அது. எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று தீனதயாளனுக்குத் தெரியாது. சுதந்திர தினத்தன்று கொடியேற்றிவிட்டு, “நம்ம மண்ணு, நம்ம மூளைங்க” என்று அரை மணி நேரம் பேச மட்டும் தெரியும்.

அன்று திங்கட்கிழமை. அமெரிக்காவிலிருந்து வந்திருந்த வியாபாரி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. வரும் வெள்ளிக்கிழமை முதல் லாட்டாக அறுபது கேமரா கிளம்ப வேண்டும். பிறகு மாதம் ஐந்நூறு. ஒரே ஒரு நிபந்தனை, சீனச் சாமான் ஒரு திருகாணிகூட இருக்கக் கூடாது. உள்ளூரில் யாரும் சீண்டாத கேமரா. இந்த ஆர்டரும் போனால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்.

அமெரிக்காக்காரர் பேனாவைத் திறந்த நேரத்தில் வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. பின்னாலேயே ஒரு வேன். அதிலிருந்து மாரிச்செல்வத்தைச் சட்டையைப் பிடித்து இறக்கினார்கள்.

“ஏனுங்க, உங்க கம்பெனிச் சரக்கைத் திருடிட்டுப் போறான்னு போன்ல தகவல் வந்துச்சுங்க. பல்லடம் ரோட்டுல மடக்கிட்டோம். உங்க சாமானுங்களான்னு பாருங்க” என்றார் இன்ஸ்பெக்டர் முருகவேல்.

தீனதயாளன் பார்த்தார். அறுபது பெட்டி. சரக்கு வந்திறங்கிய அன்று அவரே பயபக்தியோடு வைத்த சந்தனப் பொட்டு ஒவ்வொன்றிலும் இருந்தது. குடோன் சாவி மாரிச்செல்வத்திடம் இருந்தது நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவில் மொத்தமாக அள்ளியிருக்கிறான்! ‘அடத் திருட்டுப் பயலே’ என்று கத்த வாயைத் திறந்தார்.

அதற்குள் அமெரிக்காக்காரரும் வெளியே வந்து, ஒரு பெட்டியைப் பிரித்துக் கேமராவைத் திருப்பிப் பார்த்தார். இன்னும் ஆராய்ச்சி நடக்காத சரக்கு. ‘மேட் இன் சைனா’ பளிச்சென்று தெரிந்தது.

“இது உங்களுடையதா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

தீனதயாளன் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

“இல்லீங்க” என்றார். அதையே ஆங்கிலத்திலும் சொன்னார். “சீனாக்காரன் சாமான் எங்க காம்பவுண்டுக்குள்ளயே வராதுங்க.”

“உங்ககிட்ட வேலை பாக்கறவன்தானுங்களே?” என்றார் முருகவேல்.

“வேலை பாக்கறவன்தானுங்க. சாமான் நம்மளுது இல்லீங்க.”

முருகவேல் மாரிச்செல்வத்திடம் திரும்பினார். “சந்தனமெல்லாம் வச்சிருக்கு?”

“புதுத் தொழில்லா அய்யா, சாமி கும்பிட்டு நான்தான் வச்சேன். மெட்ராஸ்ல வாங்குன சரக்கு.” மாரிச்செல்வம் ஒரு கசங்கிய பில்லை நீட்டினான்.

முருகவேலுக்கு எரிச்சல். சொந்தக்காரரே இல்லாத திருட்டில் யாரைப் பிடித்து உள்ளே போடுவது? “அப்படின்னா இந்த அறுபது கேமராவும் உங்களுது இல்லைன்னு எழுதிக் குடுத்துருங்க. நாளைக்கு மாத்திப் பேசக் கூடாதுங்க.”

தீனதயாளன் கம்பெனி லெட்டர்பேடில் எழுதி, கையெழுத்துப் போட்டு, தேசபக்தியோடு சீலும் குத்தினார்.

உள்ளே பார்த்த சுதேசிக் கண்ணும் இதுவும் ஒரே அச்சாக இருந்தது அமெரிக்காக்காரர் கண்ணில் படாமலா இருந்திருக்கும்? ஆனால் விலை அவருக்குப் பிடித்திருந்தது. எதுவும் கேட்காமல் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமைக்கு அறுபது கேமராவுக்கு எங்கே போவது என்பது தீனதயாளனுக்கு அப்போதுதான் உறைத்தது. சீனாவிலிருந்து அடுத்த சரக்கு வர மூன்று வாரமாவது ஆகும்.

“எவனோ உம்மேல வன்மத்துல போன் பண்ணியிருக்கான். பொழச்ச, போ” என்றார் முருகவேல்.

“அய்யா, அந்தக் கடுதாசியை ஒரு போட்டோ எடுத்துக்கிடட்டுமா? வழியில வேற யாரும் மறிச்சா காட்டணும்லா?”

நியாயமான கேள்வியாகப் பட்டதால் முருகவேல் கடிதத்தைப் பிடித்துக் காட்டினார்.

வேன் பல்லடம் தாண்டியதும் மாரிச்செல்வம் மனைவியைப் போனில் கூப்பிட்டான்.

“ஆஷா, காலையில நீ போலீசுக்குப் போன் போட்டது வீண் போகல. சரக்கு தன்னோடது இல்லைன்னு மொதலாளியே சீல் குத்திக் குடுத்துட்டாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள நம்மகிட்ட வாங்க வரப்போறதும் அவருதான்.”