டீயில் படிந்த ஆடை

“கழுவிட்டேன்னா என்ன அர்த்தம்? உள்ள மிதந்துச்சே, அது எங்க?”

சரவணகுமார் கேட்டதற்குத் தமிழ்செல்வி வாசல் பக்கம் கையைக் காட்டினாள். குப்பை வண்டி காலையிலேயே வந்து போயிருந்தது.

“பூட்டிக் கெடக்குற வீடாச்சே, பெருக்கி வைக்கலாம்னு மாடிக்குப் போனேன். புளிச்ச வாடை குடலைப் புடுங்குதுங்க. ஜாடியைத் தெறந்தா பழைய டீ. அதுமேல தோசை மாதிரி தடியா ஒரு ஆடை. தொட்டா வழவழன்னு கையில ஒட்டுது. கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட்டேன்.”

“கெட்டுப்போனது இல்லடி. அந்தம்மா கும்பிடுறது.”

அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். மாடியில் குடியிருக்கும் இங்கிரிட், டென்மார்க்கிலிருந்து வந்த அறுபது வயதுக்காரி, வெள்ளிக்கிழமை தவறாமல் சர்க்கரை போட்ட டீயை ஆறவைத்து அந்த ஜாடியில் ஊற்றுவாள். ஊற்றிவிட்டுக் கண்ணை மூடிக் கைகூப்புவாள்.

ஏன் என்று அவன் கேட்டதில்லை. திருவண்ணாமலையில் வெளிநாட்டுக்காரர்களுக்கு வீடு விடுகிறவன் அதையெல்லாம் கேட்கக் கூடாது. அதே மாடியில் தலைகீழாக நின்றபடி சாப்பிட முயன்ற ஒருவர் இருந்திருக்கிறார். தண்ணீர்த் தொட்டிக்குத் தினமும் மந்திரம் சொன்ன ஓர் அம்மாள் இருந்திருக்கிறாள். தொட்டி என்னவோ அதற்குப் பிறகும் ஒழுகியது. யார் எதைக் கும்பிட்டால் நமக்கென்ன என்பது அந்தத் தெருவின் பொதுச்சட்டம்.

தமிழ்செல்விக்கு அழுகை வந்துவிட்டது. பயம் வாடகைக்காக இல்லை. மகள் ஓவியா கல்யாணமாகி ஓசூர் போன பிறகு, சாயங்காலம் கூட உட்கார்ந்து காபி குடிக்கவும் வாய் வலிக்கப் பேசவும் அவளுக்கு இருந்த ஒரே ஆள் இங்கிரிட்தான். இங்கிரிட் தமிழ் கற்றுக்கொண்டதே தமிழ்செல்வியிடம்தான். ஆனால் கொஞ்ச நாளாக இங்கிரிட் மாடியில் தங்குவதே இல்லை. வெள்ளிக்கிழமைக்கு மட்டும் வந்துவிட்டு, கொடைக்கானல், புதுச்சேரி என்று சுற்றிக்கொண்டிருந்தாள். காலி செய்துவிடுவாளோ என்று ஏற்கெனவே உதறல். கும்பிடுகிற சாமியைக் குப்பையில் போட்ட வீட்டில் இனி எவள் இருப்பாள்?

“அக்கா சாயங்காலம் வந்துடுவாங்க. ஏதாவது பண்ணுங்க,” என்றாள்.

சரவணகுமார் போய் நின்றது சாகிலின் கடையில். கிரிவலப் பாதையில் வெள்ளைக்காரர்களை நம்பியே நடக்கும் காபிக் கடை அது. ஜாடியையும் ஆடையையும் பற்றிச் சொன்னதுமே சாகில் சிரித்துவிட்டான். கொம்புச்சா என்று பேர் சொன்னான்; டீயைப் புளிக்கவைத்துக் குடிக்கிற பானமாம். கடையிலேயே இருக்கிறது, தாராளமாக ஒரு துண்டு எடுத்துப் போகலாம் என்றான்.

“சாமியும் இல்ல, பூதமும் இல்லண்ணா. பாக்டீரியாவும் ஈஸ்டும். பாக்டீரியா சர்க்கரையைத் தின்னுட்டு நூல் நூலா ஒண்ணை விடும். அதெல்லாம் பின்னிக்கிட்டு வழவழன்னு மெத்தையாயிடும். எல்லாம் அதுக்குள்ளயே குடித்தனம் பண்ணும்.”

“வாடகை இல்லாமலா?” என்று கேட்டான் சரவணகுமார். எவ்வளவு கவலையிலும் வீட்டுக்காரன் வீட்டுக்காரன்தான்.

ஒரு டம்ளர் குடித்துப் பார்த்தால்தான் கொடுப்பேன் என்று சாகில் அடம்பிடித்தான். குடித்தபின் சரவணகுமாருக்கு ஒரு கண் திறக்கவே நேரமானது. அன்று பௌர்ணமி வேறு. பாதையில் வண்டி விடவில்லை. ஆடைத் துண்டு மிதந்த தூக்குவாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக நடந்தான். பக்கத்தில் வந்த ஓர் அம்மாள் பிரசாதமா என்று பயபக்தியோடு கேட்டாள். இல்லம்மா, பாக்டீரியா என்றான். அவள் அதையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

வீட்டில் தமிழ்செல்வி டீயை ஆறவைத்துக் காத்திருந்தாள். ஜாடியில் ஊற்றி, ஆடையை மிதக்கவிட்டு, பழைய துணியையே கட்டினார்கள். செய்த பாவத்துக்குப் பரிகாரமாக அவள் ஒரு செம்பருத்திப் பூவையும் பக்கத்தில் வைத்தாள்.

இருட்டும் முன்பே இங்கிரிட் வந்துவிட்டாள். இருவரும் கூடவே மாடிக்குப் போனார்கள். கதவைத் திறந்ததும் அவள் மூச்சை இழுத்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. நேராகச் சமையலறைக்குப் போய் ஜாடியின் துணியை விலக்கினாள். மலர்ந்த முகம் அப்படியே தொங்கிப்போனது.

தமிழ்செல்விக்குப் பொய் சொல்ல வரவில்லை.

“இது அது இல்லக்கா. பழசை நான்தான் குப்பையில போட்டுட்டேன். உங்க சாமின்னு தெரியாம பண்ணிட்டேன். இவர்தான் அலைஞ்சு இதைக் கொண்டாந்தாரு. இதுக்காக எங்களை விட்டுப் போயிடாதீங்கக்கா.”

இங்கிரிட் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

“என் சாமியா? எனக்கு முன்னாடி இங்க இருந்தவர் பொட்டியைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பும்போது, இந்த ஜாடிக்கு வாரா வாரம் டீ ஊத்து, இல்லன்னா செத்துடும்னு சொல்லிட்டுப் போனாரு. உங்க வீட்டுக் குலசாமின்னு நெனச்சேன் தமிழ். அந்த நாத்தம் தாங்க முடியாமத்தான் ஊர் ஊரா போனேன். இன்னைக்கு மலைக்குப் பின்னாடி அடி அண்ணாமலைல வேற வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டு வரேன்.”