முதுகில் தைத்த பெயர்

“எனக்கு வேணாங்க்கா. செத்தவங்க உடுப்ப உசுரோட இருக்கிறவ போட்டா ஆகாது!”

பவளம் நீட்டிய கோட்டைத் தொடாமலே மீனம்மா கையை இழுத்துக்கொண்டாள். பவளத்துக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

“ஹட்டன் டவுன்ல மூட்டைய அவுத்துக் கொட்டி விக்கிறான். வெளிநாட்டுக்காரன் போட்டுக் கழிச்சது. செத்தவன் உடுப்புன்னு யாரு சொன்னா?”

“யூனியன் கூட்டத்துக்கு வந்த அந்த அம்மாதான். ஆபிரிக்காவுல இதுக்குப் பேரே செத்த வெள்ளக்காரன் உடுப்பாம்.”

“அதோடயா நிறுத்துனாங்க? அந்த உடுப்பையே வெட்டி, மாத்தித் தச்சு, கேக்க வேண்டிய நியாயத்த எழுதிப் போட்டுக்கிட்டு அங்க சனம் ரோட்டுல எறங்குதுன்னாங்களே, அது ஒன் காதுல விழலையா?”

அந்தப் பேச்சுத்தான் பவளத்தைப் பிடித்து ஆட்டியது. போன மழையில் மண் சரிந்து கீழே இருந்த பணிய லயத்து வரிசை வீடுகளை மூடியதே, அன்றைக்குக் கால் முறிந்து, தேயிலைக் கொழுந்தெடுக்கப் போக முடியாமல் தையல் மெஷினோடு கிடப்பவள் அவள். நீளக் கோட்டுகளை இடுப்பளவுக்கு வெட்டினாள். மிச்சத் துணியில் முக்காடு வைத்தாள். கொழுந்துக்காரிகள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை முதுகில் ஒட்டுப்போட்டு, ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலால் ஒரு பெயர் தைத்தாள். எல்லாம் அன்றைக்கு மண்ணுக்குள் போனவர்களின் பெயர்கள். மீனம்மாவுக்கு வைத்திருந்த கோட்டில் ‘செவ்வந்தி’ என்றிருந்தது. பவளத்தின் கூடப்பிறந்த தங்கை.

“ரெண்டாயிரமாம் வருசம் பொறந்தாச்சு, இன்னமும் வெள்ளக்காரன் கட்டுன லயத்துல கெடக்கோம். இப்ப நம்ம மேட்டு லயத்துச் சுவரும் வெடிச்சிருச்சு. என் புள்ள அந்தச் சுவத்தோரமாத்தான் படுக்குது. தோட்டத்துத் தொர என்னடான்னா, பழைய வெடிப்பும்மாங்கிறாரு!” பவளம் அந்தக் கோட்டையும் மடித்து மற்றவற்றோடு வைத்து மூட்டையை முடிச்சுப் போட்டாள். “நாளைக்குக் காலையில வேலைக்குப் பேர் பதியிற பெரட்டுல எல்லாரும் இதப் போட்டுக்கிட்டு நில்லுங்க. பேர் கூப்பிட்டா வாயத் தெறக்காதீங்க. தொர வந்ததும் திரும்பி முதுகக் காட்டுங்க. அது போதும்.”

மீனம்மா அரைமனதாக மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் ஒரே பனிமூட்டம். விடியுமுன்பே பவளம் கம்பை ஊன்றிக்கொண்டு பெரட்டுக்களத்து மேட்டில் போய் நின்றாள்.

பெண்கள் வந்துவிட்டார்கள்! முக்காட்டுக்குள் முகம் தெரியவில்லை. கோட்டு தெரிந்தது. கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டார். ஒரு குரல் எழவில்லை. அந்தக் குளிரிலும் ஒருத்தி காலை மாற்றி வைக்கவில்லை. ‘சொன்ன சொல்லக் காப்பாத்துறாளுகளே’ என்று பவளம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

துரையின் ஜீப் வந்து நின்றது.

“என்ன கூத்து இது? யாரு நீங்க?”

எல்லோரும் ஒன்றாகத் திரும்பினார்கள். கணக்கப்பிள்ளை முதுகுகளை ஒவ்வொன்றாக வாசித்தார். பாதியில் நிறுத்திவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

செவ்வந்தி கோட்டுக்காரி மட்டும் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து மேட்டைப் பார்த்தாள். உயிரோடு இருந்தபோது செவ்வந்தி தன் அக்காவைப் பார்ப்பது அப்படித்தான். ‘அடிப்பாவி மீனம்மா, என் தங்கச்சியையே கொண்டாந்து நிறுத்திட்டியே!’ பவளம் வாய்விட்டு அழுதாள்.

அந்தக் குளிரிலும் துரைக்கு வேர்த்துக் கொட்டியது.

“இன்னைக்கே மேட்டு லயத்தக் காலி பண்ணுங்க. பழைய பங்களா சும்மாதானே கெடக்கு, புது வீடு கட்டுற வரைக்கும் எல்லாரும் அங்க இருங்க” என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஜீப்பில் ஏறினார்.

பவளம் நொண்டிக்கொண்டே லயத்துக்கு ஓடி வந்தாள். புள்ள பிழைத்துக்கொண்டது! மீனம்மாவைக் கட்டிப்பிடித்துக் கொஞ்ச வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

மீனம்மா பவளத்தின் வாசலிலேயே நின்று அழுதுகொண்டிருந்தாள்.

“மன்னிச்சிருங்கக்கா. செத்தவங்க பேர முதுகுல சுமக்கப் பயமா இருந்திச்சு. பெரட்டுக்கு நாங்க ஒருத்தரும் வரல, கதவச் சாத்திக்கிட்டு உள்ளேயே கெடந்தோம். மூட்டைய நேத்தே ஒங்க வெறகு அடுக்குக்குப் பின்னால வச்சிட்டேன்.”

பவளம் மூட்டையை இழுத்தாள். அவள் போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது. அவிழ்த்து, மடிப்புக் கலையாத கோட்டுகளை ஒவ்வொன்றாக உதறினாள். ஒவ்வொன்றின் உள்ளிருந்தும் ஈரச் செம்மண் பொத்துப் பொத்தென்று விழுந்தது.