கணப்பின் தணல்

ஷிகே வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே, கணப்புச்சட்டியை ஒட்டி ஐந்து வயது ஃபுமி குந்தியிருந்தாள். காய்ச்சலில் முகம் சிவந்திருந்தது. செல்லுலாய்ட் பொம்மையின் பாதங்களைத் தணலுக்கு மேலே காட்டிக்கொண்டிருந்தாள்.

மூக்கு நசுங்கியதென்று பட்டறையில் கழித்துப்போட்ட பொம்மை. அங்கே வேலை செய்யும் ஷிகேதான் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அமிலத்தில் ஊறிய பஞ்சையும் கற்பூரத்தையும் பிசைந்து செய்தது. பார்த்தால் இளஞ்சிவப்புத் தந்தம் போல இருக்கும். தீ பட்டால், கை அதை விடுவதற்குள் கையும் சேர்ந்து எரியும்.

கத்தினால் குழந்தை திடுக்கிட்டுத் தணலில் போட்டுவிடுவாள்.

"ஃபுமி கண்ணு, பாப்பாவுக்குத் தூக்கம் வருது பாரு. அந்தப் பக்கம் பாயில படுக்க வை."

"அதுக்குக் கால் சில்லுன்னு இருக்கும்மா. நீயே வந்து தொட்டுப் பாரேன்."

ஷிகே நகரவில்லை.

எதிர்வீட்டு மாடி ஜன்னலில் ஓதோராவின் சிரித்த முகம் தெரிந்தது. கணப்பை மூட்டியதும், பட்டறைக்குச் சொல்லி அனுப்பியதும் அவள்தான்.

"ஏண்டி, உன் வீட்டுக்குள்ள போக உனக்கே வெத்தலபாக்கு வைக்கணுமா? பிள்ளை காயுது, போய்த் தூக்கேன்டி!"

"அக்கா, இறங்கி வாங்க. தண்ணியோட வாங்க."

அந்தக் குரலைக் கேட்டு ஓதோராவின் சிரிப்பு நின்றது. மரப்படிகளில் அவள் இறங்கும் சத்தம் கேட்டது.

ஃபுமி என்ன நினைத்தாளோ, பொம்மையைப் பாயில் கிடத்தினாள். ஷிகேவுக்கு மூச்சு வந்தது. முழங்கால் மட்டும் இன்னும் நடுங்கியது.

குழந்தை அதைப் பார்த்துவிட்டாள்.

"உனக்கும் குளிருதாம்மா? இரு, நான் கொண்டு வர்றேன்."

இடுக்கியால் கனன்ற கங்கு ஒன்றை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வேணாம் கண்ணு. சட்டியிலயே வச்சிடு."

"பொய். நடுங்குறே."

கீழே போடு என்று சொல்லவும் வழியில்லை. கீழே பாய், பாயில் பொம்மை.

பொம்மைகளின் விளிம்பை நாளெல்லாம் அராவுகிறவர்கள், பட்டறைக் கிணற்றில் தலையோடு குளிக்காமல் அடுப்பிருக்கும் வீட்டுக்குள் கால் வைப்பதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் ஷிகே அப்படியே ஓடிவந்திருந்தாள். கூந்தலில், கழுத்தில், பருத்தி அங்கியின் அகன்ற கைகளின் மடிப்பெல்லாம் அந்த இளஞ்சிவப்புச் செல்லுலாய்ட் தூள்.

ஷிகே ஓரடி பின்வாங்கினாள்.

விளையாட்டு என்று நினைத்து, ஃபுமி சிரித்துக்கொண்டே ஓடிவரத் தொடங்கினாள்.